யாரும் கத்தலை என்றவர்

அவர் பேசுகிறவர்களின் வாயைத்தான் பார்ப்பார். கண்ணைப் பார்க்க மாட்டார். ஜீப்பில் ஏறிய முதல் வாரத்தில் அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "எந்தத் தோட்டம் தாயி?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்த பேச்சியக்கா என் விலாவில் இடித்து, "எல்லார்ட்டயும் அப்படித்தான். தப்பா நெனச்சுக்கிறாத. பொம்பளைக விசயத்துல தங்கமான மனுசன்" என்றாள்.

நான் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்த வருடம் அது. அப்பாவுக்கு ஒரு கை, ஒரு கால் விழுந்துவிட்டது. சிலமலையிலிருந்து விடியுமுன் கிளம்பி, போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகும் பெண்களோடு நானும் சேர்ந்துகொண்டேன். எங்களை ஏற்றிப் போனது அவருடைய ஜீப்பு. அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டிரைவரண்ணே, அவ்வளவுதான். ஐம்பதைத் தாண்டியவர். பெண்டாட்டி செத்துப் பல வருடம், பிள்ளை இல்லை. பெரிய தலை, பெரிய காது, குட்டையான கழுத்து.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அந்த ஸ்பீக்கர் பெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஜீப்பின் பின் சீட்டுக்கு அடியில் அதைத் திருகு போட்டு இறுக்கியிருந்தார். அதிலிருந்து வருவது பாட்டுதானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. தும், தும் என்று ஓர் இடி. கெண்டைக்காலில் ஏறி, இடுப்பு வழியாக நெஞ்சுக்கு வரும். பாடுகிறவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. "அண்ணே, கொஞ்சம் கொறைங்கண்ணே, கொடலு வெளிய வந்துரும்போல இருக்கு" என்று பெண்கள் சொன்னால் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரிப்பார். குறைக்க மாட்டார்.

"பாட்டுன்னா அடி இருக்கணும் தாயி. மத்ததெல்லாம் மேல தூவுற மல்லித்தழை."

பாட்டு மட்டுமல்ல, எதையும் அவர் தட்டிப் பார்த்துத்தான் நம்புவார். மெட்டில் பலாப்பழம் வாங்கினால் தட்டிப் பார்ப்பார். டயரைத் தட்டுவார். யார் வீட்டிலாவது புதுக் கதவு போட்டிருந்தால் உள்ளே போவதற்கு முன் விரல் முட்டியால் ஒரு தட்டு. சின்ன வயதில் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவர். ராசிங்காபுரம், பொட்டிபுரம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கக் குழாய் இறக்கியிருக்கிறார். "கம்ப்ரசர் முன்னாடி நின்னு வளந்தவன் தாயி நானு. இந்த ஊருப் பாட்டுச் சத்தமெல்லாம் எனக்கு எறும்பு நடக்குற மாதிரி" என்று பெருமையாகச் சொல்வார்.

சில நேரம் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். "நாளைக்கு வண்டி உண்டாண்ணே?" என்று பின்னாலிருந்து யாராவது கேட்டால், "ஆமா, முண்டாசுதான் கட்டியிருக்கேன், குளுருதுல்ல" என்பார். ஜீப்பே சிரிக்கும். அவரும் சிரிப்பார். கேலிக்காரர் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு முறை தோட்டத்திலேயே ஒரு பெண்ணுக்குக் கர்ப்பம் கலைந்து ரத்தம் நிற்கவில்லை. அவர் அந்தப் பெண்ணைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினார். மழையில் அத்தனை வளைவும் இறங்கிப் போடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். சீட்டில் இருந்த ரத்தத்தைத் தானே கழுவினார். மறுநாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண் பிழைத்து வந்து நன்றி சொன்னபோதும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "சரி, ஏறு தாயி, சோலி கெடக்கு" என்றார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மெட்டை நெருங்கும்போது பனி இறங்கிவிட்டால் பாட்டை நிறுத்திவிடுவார். மறக்கவே மாட்டார். ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டி, "பனிக்குள்ள கண்ணு பிரயோசனமில்ல. காதாலதான் ஓட்டணும்" என்பார். எதிரே லாரி வந்தால் எங்களுக்குக் கேட்கும் முன்னே அவர் ஒதுங்கி நிற்பார். அந்தக் காதை நம்பித்தான் நாங்கள் தூங்கிக்கொண்டே மலை ஏறினோம்.

பேச்சியக்கா எப்போதும் கடைசியில், பின்கதவை ஒட்டித்தான் உட்காருவாள். உள்ளே உட்கார்ந்தால் அவளுக்கு மூச்சு முட்டும். அன்று நான் அவளுக்கு எதிரே இருந்தேன். நல்ல பனி. பாட்டு நின்றிருந்தது. முன் சீட்டில் ஆள் இல்லை, தோட்டத்துக்குப் போகிற உரமூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். வளைவில் பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. கதவின் கொக்கி கழன்றது. பேச்சியக்கா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து போனாள்.

விழுந்ததோடு போயிருந்தால் கையோ காலோ ஒடிந்திருக்கும். சேலை முந்தானை கதவுக் கீலில் சிக்கிக்கொண்டது. ஜீப்பு ஏறிக்கொண்டே இருந்தது.

நாங்கள் எல்லோரும் கத்தினோம். நான் கத்தினேன். சேலையை இழுத்தேன், வரவில்லை. அடுத்த வளைவு வந்தது, திரும்பினோம். உள்ளே முன்பக்கம் உட்கார்ந்திருந்த முத்துலட்சுமி அக்கா, டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருந்த தகரத்தில் இரண்டு கையாலும் மாற்றி மாற்றி அடித்தாள். உடனே பிரேக் போட்டார். இறங்கி ஓடி வந்தார். வந்து பார்த்துவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பேச்சியக்காவுக்கு அப்போதே உயிர் இல்லை.

போலீஸ், கேஸ், ஜீப்பைக் கொண்டுபோனது எல்லாம் நடந்தது. ஜாமீனில் வெளியே வந்த பிறகு, காரியம் முடிந்த அன்று அவர் பேச்சியக்கா வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார். அடிக்க எழுந்த ஆண்களைப் பேச்சியக்காவின் மகள் செல்விதான் தடுத்தாள். புருசனும் இல்லாத வீட்டில் பேச்சியக்காவுக்கு இருந்த ஒரே பிள்ளை அவள். நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"பாட்டுப் போட்டிருந்தீங்களா?"

"இல்ல ஆத்தா. பனியில நான் பாட்டுப் போடுறதில்ல."

"பெறகு ஏன் நிறுத்தல?"

"தட்டுனாக. தட்டுன ஒடனே நிறுத்திட்டேன்."

"அதுக்கு முன்னாடி இவங்கல்லாம் கத்துனாங்கள்ல?"

அவர் செல்வியின் வாயைப் பார்த்தபடியே சொன்னார். "இல்ல ஆத்தா. யாரும் கத்தல."

வீடே எழுந்துவிட்டது. முத்துலட்சுமி அக்கா மாரில் அடித்துக்கொண்டாள். "அடப் பாவி மனுசா, தொண்டத் தண்ணி வத்தக் கத்துனோமே!" என்றாள். நானும் சொன்னேன். எல்லோரும் சொன்னோம். அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். கோபமோ பயமோ அவரிடம் தெரியவில்லை.

"சத்தியமா யாரும் கத்தல. கத்தியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா?"

அவரைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருவில் விட்டார்கள். அதன் பிறகு செல்வி எங்கள் பக்கம் திரும்பினாள். எங்களை வரிசையாகப் பார்த்தாள். விபத்தை ஊர் மறந்திருக்கும். அந்தப் பார்வையைத்தான் எங்களால் மறக்க முடியவில்லை. கிடந்து இழுபடுகிறவளைப் பார்த்துக்கொண்டு இத்தனை பெண்களும் வாயை மூடிக்கொண்டா இருந்தார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள். கொஞ்ச நாளில் அதை வெளியேயும் சொல்ல ஆரம்பித்தாள். குழாயடியில் எங்களைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். "வேடிக்கை பாத்தவளுக" என்று எங்கள் காது படச் சொன்னாள்.

அதைவிட மோசம், எங்களுக்கே சந்தேகம் வந்ததுதான். ஒரு நாள் முத்துலட்சுமி அக்கா என்னிடம் ரகசியம்போலக் கேட்டாள்.

"ஏன்டி, நாம நெசமாவே கத்துனமா? இல்ல கத்துனதா நெனச்சுக்கிட்டிருக்கமா? அந்தாளு பொய் சொல்ற ஆளு இல்லியேடி."

"எனக்கு ஒரு வாரம் தொண்ட கட்டியிருந்துச்சுக்கா."

"அது அழுததுல கட்டியிருக்கும்."

அன்றிலிருந்து அந்த வளைவை நினைக்கும்போதெல்லாம் என் வாய் திறந்திருப்பது தெரியும், சத்தம் வந்ததா என்பது தெரியாது. மலைக்குப் போவதையே விட்டுவிட்டேன். போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாய் நடத்திய செல்போன் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கவர், சார்ஜர், இயர்போன், ஹெட்போன் விற்கும் சின்னக் கடை.

அவர் அங்கே வந்தார். என்னைப் பார்க்க வரவில்லை. நான் இருப்பதே தெரியாமல் வந்து, கண்டதும் படியிலேயே நின்றுவிட்டார். அப்புறம் மெதுவாக ஏறி வந்து, கல்லாவில் இருந்த பாயிடம், "ஹெட்செட்டு வேணும் பாய். அடி நல்லா இருக்கணும்" என்றார்.

பாய்க்கு எங்கள் கதை தெரியாது. "எடுத்துக் காட்டும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

எங்களிடம் அந்த மாதிரி இரண்டுதான் இருந்தது. இரண்டும் மலிவுச் சரக்கு. அவர் சொல்கிற அடியைத்தான் இரண்டு பெட்டியிலும் பேஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கும். ஒன்று கருப்பு. சின்ன மெத்தை, காது மேல் உட்காரும். பட்டை நல்ல இறுக்கம். இன்னொன்று நீலம். காதை முழுசாக மூடுகிற பெரிய மெத்தை, பஞ்சு மாதிரி இருக்கும். பட்டை தளர்ச்சி. நான் முகத்தைப் பார்க்காமல் இரண்டையும் கண்ணாடி மேல் வைத்தேன். என் போனில் பாட்டுப் போட்டு இணைத்தேன்.

அன்று ஆரம்பித்தது. வாங்கவே மாட்டார், வந்துகொண்டே இருப்பார். ஜீப்பு போன பிறகு போடியில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். சோலி இல்லாத மத்தியான நேரத்தில் வந்து, இதைக் கொஞ்ச நேரம், அதைக் கொஞ்ச நேரம் மாட்டிப் பார்ப்பார். மாட்டிக்கொண்டு தலையைக் குனிவார், நிமிர்வார், கியர் போடுவதுபோலத் தோளைச் சாய்ப்பார். நீலம் வழுக்கிக் கழுத்துக்கு வந்துவிடும். கருப்பு அசையாது. ஆனால் கழற்றும்போது காது மடல் சிவந்து, பட்டை அழுத்திய இடத்தில் கோடு விழுந்திருக்கும்.

"கருப்புல அடி நறுக்குன்னு விழுகுது பாய். கதவைத் தட்டுனாப்ல. ஆனா காதை நெரிக்குது. ரெண்டு பாட்டுக்கு மேல தாங்க முடியல."

"அப்ப நீலத்தை எடுத்துக்கங்க."

"நீலம் சொகமா இருக்கு. தலகாணியில படுத்த மாதிரி. ஆனா அடி கொழகொழங்குது. கெணத்துல கல்லப் போட்டாப்ல, விழுந்த பெறகும் ஆடிக்கிட்டே கெடக்கு. வேர்வையும் ஊத்துது."

பாய் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. ஒருத்தியைக் கொன்றுவிட்டு அடி நறுக்கென்று இருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா என்று பார்க்கிற மனிதரின் பெரிய காதுகளைப் பார்க்கவே வெறுப்பாக இருக்கும். இன்னொன்றும் எரிச்சல். ஹெட்போனை ஆன் செய்ததும் உள்ளிருந்து ஒரு பெண் குரல், 'இணைந்துவிட்டது' என்று இங்கிலீஷில் சொல்லும். மேஜையில் கிடந்தால்கூட அது மெல்லிசாகக் கேட்கும். அவர் காதில் மாட்டிக்கொண்டே, "ஆன் ஆயிருச்சா தாயி?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். வேண்டுமென்றே என்னைப் பேசவைக்கக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு நாள் பாய் கேட்டேவிட்டார். "இந்த வயசுல எதுக்குண்ணே இவ்வளவு அடி?"

"சும்மா இருந்தா அந்தத் தகரத்துல தட்டுன சத்தம் வருது பாய். வேற அடி விழுந்தா அது அமுங்கிரும்."

அவர் சொன்னது பாய்க்குப் புரிந்திருக்காது. நான் கவர்களை அடுக்குகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

பிறகு அந்த மழை நாள். அவரையும் என்னையும் பாயையும் தவிரக் கடையில் ஆள் இல்லை. வழக்கமான பாட்டு போதும் என்று, எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் யாரோ எடுத்து அனுப்பியிருந்த ஒரு பதிவை என் போனிலிருந்து போட்டேன். உறுமி மேளம். அதற்கு மேலே பெண்கள் கூட்டமாகக் குலவை போடுவார்கள். நான் முதலில் இரண்டையும் மாட்டிப் பார்த்தேன். எவ்வளவு சீக்கிரம் ஒன்றை அவர் தலையில் கட்டி அனுப்புகிறேனோ அவ்வளவு நல்லது என்றுதான் முதன்முறையாக வாயைத் திறந்து யோசனை சொன்னேன்.

"கருப்பையே எடுங்க. நீலத்துல உறுமி மேல விழுந்து குலவையே அமுங்கிப் போகுது. கருப்புல குலவை நல்லா தனியாத் தெரியுது."

என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குலவையா?"

"ஆமா."

கருப்பை மாட்டிக் கேட்டார். கழற்றினார். நீலத்தை மாட்டிக் கேட்டார். "இதுல ஏது தாயி குலவ? வெறும் உறுமிதான அடிக்கிறாக."

"நல்லாக் கேளுங்க."

"இல்ல தாயி. யாரும் குலவ போடல."

அவர் அதைச் சொன்ன விதம், பேச்சியக்கா வாசலில் நின்று சொன்னாரே, அதே விதம். அதே நிதானம். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. கருப்பை அவர் தலையில் மாட்டி, ஒரு பக்கத்தை மட்டும் நகர்த்தி என் காதையும் ஒட்டவைத்துக்கொண்டேன். சத்தத்தை முழுசாகக் கூட்டினேன். குலவை எழும்போது கையைத் தூக்கினேன். "இப்ப." அடங்கியது, கையை இறக்கினேன். மறுபடி எழுந்தது. "இப்ப. இப்பவும். கேக்கலையா?"

என் காதே கூசும் அளவுக்கு அந்தப் பெண்கள் நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. உறுமிக்குத் தலை மட்டும் லேசாக அசைந்தது. என் கை ஏறி இறங்குவதைப் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், நீங்க கேளுங்க" என்றேன். பாய் வாங்கி மாட்டிக்கொண்டார். "இருக்கே. காதைக் கிழிக்குதே" என்றார்.

மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பார்ப்பது, முண்டாசு என்று பதில் சொல்வது, ஆன் ஆகிவிட்டதா என்று கேட்பது எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. அவருக்கு இன்னும் புரியவில்லை. பாயிடமிருந்து திரும்ப வாங்கிக் கருப்பை மாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கழற்றி நீலத்தை மாட்டினார். மறுபடியும் கருப்பு. கடைசியில் இரண்டையும் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, என் வாயைப் பார்த்துக் கேட்டார்.

"தாயி... அன்னைக்கு நீங்கள்லாம் கத்துனீகளா?"

"கத்துனோம்ணே."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்."

எழுந்து மழையிலேயே இறங்கிப் போனார். பாய் குடையை எடுத்துக்கொண்டு கூப்பிட்டார். அவருக்குக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பாய்தான் அவரைத் தேனியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனார். தடித்த சத்தம் ஓரளவு கேட்கிறது, கீச்சென்று உயரும் மெல்லிய சத்தமெல்லாம் எப்போதோ போய்விட்டது, போர்வெல் வண்டிக் காலத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும் என்று சொல்லிவிட்டார்களாம். லாரியின் இரைச்சல் அவருக்குக் கேட்டது. தகரத்தில் அடித்தது கேட்டது. ஜீப்பு இன்ஜினுக்கு மேலே எழுந்த எங்கள் குரல் கேட்கவில்லை. காதுக்கு மிஷின் வைக்கச் சொன்னதற்கு, "இனிமே கேட்டு என்ன செய்யப் போறேன்" என்று எழுந்து வந்துவிட்டாராம். வக்கீல் இதை வெளியே சொல்லாதே, காது கேட்காமல் வண்டி ஓட்டினான் என்று கேஸ் இன்னும் இறுகும் என்று சொல்லியிருக்கிறார். அவர் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அதைச் சொல்லிவிட்டு, லைசென்ஸையும் அங்கேயே கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகு கடைக்கு வந்து கருப்பு ஹெட்போனை வாங்கினார். வாங்கினதிலிருந்து தலையிலேயே கிடந்தது. அந்தத் திருவிழாப் பதிவை அவர் போனுக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். ஸ்டோரில் மூட்டை தூக்கும்போதும் அதைத்தான் முழுச் சத்தத்தில் கேட்டுக்கொண்டிருப்பார் என்று சொன்னார்கள். இரண்டு காதுக்குப் பின்னாலும் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. ஒரு நாள் பாய் பார்த்துப் பதறிப்போனார்.

"என்னண்ணே இது, சீழ் வச்சிருக்கு. இதைக் கொடுத்துட்டு நீலத்தை எடுத்துட்டுப் போங்க. நான் மாத்தித் தர்றேன்."

"அதுல குலவ அமுங்குதுன்னு பிள்ள சொன்னுச்சே பாய்."

"இதுலயும் உங்களுக்குக் கேக்கலையேண்ணே."

"இதுல இருக்குல்ல" என்றார் அவர்.

அந்த நாட்களில்தான் அவர் சிலமலைக்கு வரத் தொடங்கினார். அன்றைக்கு ஜீப்பில் இருந்த பெண்களின் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போனார். வாசலில் நின்று ஒரே கேள்விதான் கேட்டார். "அன்னைக்கு என்ன சொல்லிக் கத்துன தாயி?" முதலில் விரட்டினார்கள். ஒருத்தி சாணித் தண்ணியை ஊற்றினாள். மறுநாள் திரும்ப வந்து நின்றார். முத்துலட்சுமி அக்காதான் முதலில் சொன்னவள். "'நிறுத்து, நிறுத்து'ன்னு கத்துனேன்" என்றாள். சொன்னவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். துக்கத்தினால் மட்டும் அழவில்லை என்று என்னிடம் சொன்னாள். கத்தினோம் என்பது அன்றைக்குத்தான் தனக்கே உறுதியானது என்றாள். மற்றவர்களும் சொன்னார்கள். ஒருத்தி 'ஐயோ' என்று மட்டும் கத்தியிருக்கிறாள். ஒருத்தி சாமி பேரைச் சொல்லியிருக்கிறாள். வயதான ஒரு அம்மா, "எனக்கு வாயே வரலப்பு. நான் கத்தல" என்று சொல்லிவிட்டது. அதற்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

எல்லாவற்றையும் கேட்ட பிறகு செல்வி வீட்டுக்குப் போய், தெரு கேட்க, "கத்துனாக ஆத்தா. அத்தன பேரும் கத்துனாக. எனக்குத்தான் கேக்கல. இவுக மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லியிருக்கிறார். யார் யார் என்ன சொல்லிக் கத்தினார்கள் என்பதையும் பேர் பேராகச் சொல்லியிருக்கிறார். செல்வி கதவில் சாய்ந்து நின்று முழுவதும் கேட்டாளாம். மன்னிப்பு கின்னிப்பு என்று எதுவும் நடக்கவில்லை. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

அந்தக் கேள்வியோடுதான் அன்று மத்தியானம் அவர் கடைக்கு வந்தார். ஹெட்போன் தலையில் இல்லை. காதுக்குப் பின்னால் மஞ்சள் பூசியிருந்தார். பஸ் ஸ்டாண்டில் கூட்டம், கம்பம் பஸ்சு கிளம்பிக்கொண்டிருந்தது. கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தாயி, நீதான பேச்சிக்கு எதுத்தாப்ல உக்காந்திருந்த."

"ஆமாண்ணே."

"அது என்ன சொல்லிக் கத்துச்சுன்னு செல்வி கேக்குது. எங்கம்மா என்ன சொன்னுச்சுன்னு ஒருத்தரும் சொல்லலையேங்குது. ஒனக்குத் தெரியுமா?"

இழுபட்டுக்கொண்டே அவள் கத்தியது எனக்குத் தெரியும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. போலீஸ் கேட்டபோதும் சொல்லவில்லை. வீட்டில் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னேன். அவர் என் வாயைப் பார்த்தார். பஸ் ஹாரன் அடித்தது. "என்னது?" என்றார். இன்னொரு முறை சொன்னேன். கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, புண் வலித்ததில் முகத்தைச் சுளித்தபடி, மேசை மேல் குனிந்தார்.

"வாயசைவு தெரியுது தாயி. எனக்கு அது வேணாம். கேக்கணும். கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

பாய் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. நான் மேசைக்கு வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெரிய காதுக்கு நேராக, அடிவயிற்றிலிருந்து, பேச்சியக்கா கத்தியதுபோலவே கத்தினேன்.

"சேலை மாட்டிக்கிச்சு, நிறுத்துய்யா! சேலை, சேலை!"

ரோட்டில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். பாய் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார். என் தொண்டை எரிந்தது.

அவர் கண்ணைத் திறந்தார்.

"கேட்டுச்சு தாயி" என்றார்.

படியிறங்கி, கூட்டத்துக்குள் புகுந்து, சிலமலை பஸ்சு நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தார். அந்த வார்த்தையை வழியில் சிந்திவிடக் கூடாது என்பதுபோல, யாரையும் பார்க்காமல், வாயை இறுக மூடிக்கொண்டு போனார்.